டான்சிக் சுதந்திர நகரம், 1920–1939: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டான்சிக் எங்கே இருந்தது? அதை ஏன் தனி நகரமாகப் பிரித்தார்கள்?

பால்டிக் கடலில் விஸ்துலா நதி கலக்கும் இடத்தில் உள்ள பழைய துறைமுக நகரம் டான்சிக். இன்று அது போலந்தின் க்டான்ஸ்க். பல நூற்றாண்டுகள் போலந்து மன்னரின் பாதுகாப்பில் தன்னாட்சி வணிக நகரமாக இருந்த அது, 1793-ல் ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் கைக்குப் போனது. முதல் உலகப் போர் முடிந்தபோது அங்கு வாழ்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஜெர்மன் மொழி பேசுபவர்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. மீண்டும் உருவான போலந்துக்குக் கடலுக்குச் செல்லத் தடையற்ற, பாதுகாப்பான வழி வேண்டும் என்று அமெரிக்க அதிபர் வில்சன் ‘பதினான்கு அம்சங்கள்’ என்ற தம் அமைதித் திட்டத்தில் வாக்குறுதி அளித்திருந்தார். போலந்தின் சரக்கு இயல்பாக வந்து சேரும் நதிமுகத் துறைமுகம் டான்சிக் ஒன்றுதான். ஆனால் அந்த ஊர் மக்கள் போலந்தோடு சேர விரும்பவில்லை. போருக்குப் பின் நடந்த பாரிஸ் அமைதி மாநாட்டில் போலந்து விவகாரங்களை ஆராய்ந்த குழு நகரைப் போலந்துக்கே கொடுக்கலாம் என்றது. இத்தனை ஜெர்மானியர்களைப் போலந்தின் ஆட்சிக்குள் தள்ளினால் அடுத்த போருக்கு விதை போட்டதாகும் என்று பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் பிடிவாதமாக எதிர்த்தார். இரண்டுக்கும் நடுவில் எட்டிய சமரசம்தான் சுதந்திர நகரம். ஜெர்மனியோடு போரை முடித்த வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் 100 முதல் 108 வரையிலான பிரிவுகள் அதை வகுத்தன. 1920 நவம்பர் 15 அன்று அது முறைப்படி பிறந்தது. பரப்பு 2,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மக்கள்தொகை 1920-களில் மூன்றரை லட்சத்தைத் தாண்டி, பின்னர் நான்கு லட்சத்தையும் தாண்டியது.

அப்படியானால் அது ஒரு தனி நாடா?

தனி நாட்டுக்குரிய அடையாளங்கள் பல அதற்கு இருந்தன. சொந்தக் கொடி, அஞ்சல்தலை, கடவுச்சீட்டு, குடியுரிமை, சட்டமன்றம், ‘செனட்’ என்ற அமைச்சரவை, 1923 முதல் ‘குல்டன்’ என்ற சொந்த நாணயம் எல்லாம் இருந்தன. அதே சமயம், ஒரு நாடு தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய முக்கியமான சில அதிகாரங்கள் அதனிடம் இல்லை. வெளியுறவைப் போலந்து நடத்தியது. நகரம் போலந்தின் சுங்க எல்லைக்குள் இருந்தது. ரயில்வேயின் பெரும்பகுதியும் போலந்தின் வசம். துறைமுகத்தை நிர்வகித்த வாரியத்தில் இரு தரப்புக்கும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்கள். அதற்குத் தலைவர் நடுநிலை நாட்டவர். போலந்தின் தேவைக்கெனத் துறைமுகத்தில் தனி அஞ்சல் சேவையும் அனுமதிக்கப்பட்டிருந்தது. போருக்குப் பின் அமைதி காக்க நாடுகள் சேர்ந்து அமைத்த பன்னாட்டுச் சங்கத்தின் (League of Nations) ஒப்புதல் இல்லாமல் நகரம் படைத்தளமாகவோ ஆயுத உற்பத்தி இடமாகவோ மாறக் கூடாது என்று அரசியலமைப்பே தடை விதித்தது.

இவற்றுக்கெல்லாம் மேலே பன்னாட்டுச் சங்கம் இருந்தது. நகரம் அதன் ‘பாதுகாப்பில்’. நகரின் அரசியலமைப்பு அதன் ‘உத்தரவாதத்தில்’. சங்கத்தின் சார்பில் ஓர் உயர் ஆணையர் நகரிலேயே குடியிருந்தார். டான்சிக்குக்கும் போலந்துக்கும் இடையே எழும் வழக்குகளை முதலில் விசாரித்து முடிவு சொல்வது அவர் பணி. அதை ஏற்காத தரப்பு ஜெனீவாவில் உள்ள சங்கத்தின் பேரவைக்கு மேல்முறையீடு செய்யலாம்; பேரவை தேவைப்பட்டால் ஹேகில் உள்ள நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கும்.

இந்த அமைப்பில் ஒரு பெரும் ஓட்டை இருந்ததாக எனக்குப் படுகிறது. சச்சரவு என்றால் நகரத்துக்கும் போலந்துக்கும் இடையே மட்டும்தான் வரும் என்ற எண்ணத்தில் எல்லாம் கட்டப்பட்டிருந்தது. நகர அரசே தன் குடிமக்கள் மீது பாய்ந்தால் யார் தடுப்பது என்பதற்கு, ‘உத்தரவாதம்’ என்ற சொல்லைத் தவிர நடைமுறைக் கருவி எதுவும் இல்லை. உயர் ஆணையரிடம் ஒரு காவலர்கூடக் கிடையாது.

போலந்துக்கும் நகரத்துக்கும் இடையே நம்பிக்கை எப்போது முறிந்தது?

நம்பிக்கை உருவாவதற்கு முன்பே முறிந்துவிட்டது. 1920 கோடையில் சோவியத் படைகள் போலந்தின் தலைநகர் வார்சாவை நோக்கி வந்துகொண்டிருந்தன. நேச நாடுகளிலிருந்து போலந்துக்கு ஆயுதங்கள் ஏற்றி வந்த கப்பல்கள் டான்சிக்கில் நின்றபோது, துறைமுகத் தொழிலாளர்கள் அவற்றை இறக்க மறுத்துவிட்டார்கள். போலந்து தன் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த வாரங்கள் அவை.

வார்சா இதிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வந்தது. முதலாவது, ஆயுதங்களை இறக்கத் தனக்கென்று ஓர் இடம் வேண்டும் என்பது. துறைமுக வாயிலில் உள்ள வெஸ்டர்பிளாட்டே என்ற நிலநாக்கை ஆயுதக் கிடங்குக்காகப் போலந்துக்கு வழங்க 1924-ல் பேரவை ஒப்புக்கொண்டது. அதைக் காக்க 88 பேர் கொண்ட சிறு காவல்படையும் பின்னர் அனுமதிக்கப்பட்டது. இரண்டாவது, டான்சிக்கை நம்பியே இருக்கக் கூடாது என்பது. சில மைல் தூரத்தில், தன் சொந்தக் கடற்கரைத் துண்டில், க்டினியா என்ற மீனவ கிராமத்தில் புதிய துறைமுகம் கட்ட போலந்து நாடாளுமன்றம் 1922-ல் சட்டம் இயற்றியது. பத்தே ஆண்டுகளில் அது பால்டிக் கடலின் பெரிய துறைமுகங்களில் ஒன்றாக எழுந்து, 1930-களின் தொடக்கத்தில் சரக்கு அளவில் டான்சிக்கையே முந்தியது.

போலந்துக்குக் கடல்வழி வேண்டும் என்பதற்காகத்தான் டான்சிக் ஜெர்மனியிலிருந்து பிரிக்கப்பட்டது. இப்போது போலந்தே பக்கத்தில் வேறு வழி அமைத்துக்கொண்டது. “பிறகு எங்களை எதற்காகப் பிரித்தீர்கள்?” என்று டான்சிக் வணிகர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1920-ஐ மறக்கவே முடியாத போலந்தின் அச்சத்திலும் அதே அளவு நியாயம் இருந்தது.

அஞ்சல் பெட்டி விவகாரம் என்று சொல்கிறார்களே, அது என்ன?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அற்பமாகத் தோன்றும் இந்த வழக்கு, அந்த நகரில் மனங்கள் எந்த நிலையில் இருந்தன என்பதை வேறு எதைவிடவும் தெளிவாகக் காட்டுகிறது.

ஹெவேலியஸ் சதுக்கத்தில் போலந்து அஞ்சல் அலுவலகம் இருந்தது. 1925 ஜனவரி தொடக்கத்தில் ஒரு நாள் காலை, அந்தக் கட்டடத்துக்கு வெளியே நகரின் தெருக்களில் போலந்தின் அஞ்சல் பெட்டிகள் மாட்டப்பட்டிருந்ததை மக்கள் பார்த்தார்கள். போலந்துக்கு எழுதும் கடிதங்களைப் போட வைத்த சாதாரணப் பெட்டிகள்தான். ஆனால் போலந்து அஞ்சல்காரர் சீருடையில் டான்சிக் தெருவில் நடந்து வருவதும், போலந்தின் சின்னம் டான்சிக் சுவரில் தொங்குவதும் ஊரின் ஜெர்மன் தன்மையைப் பறிக்கும் முதல் படி என்று பலர் கொதித்தார்கள். இரவோடு இரவாகச் சிலர் அந்தப் பெட்டிகள் மீது பழைய ஜெர்மன் பேரரசின் கறுப்பு, வெள்ளை, சிவப்பு வண்ணங்களைப் பூசிவிட்டுப் போனார்கள். இது போலந்துக்கு இழைத்த அவமானம் என்று வார்சாவில் பத்திரிகைகள் பொங்கின.

போலந்தின் அஞ்சல் சேவை அலுவலகத்தின் நான்கு சுவர்களுக்குள் மட்டுமே நடக்கலாம் என்பது செனட்டின் வாதம். அப்போது உயர் ஆணையராக இருந்த மெக்டொனெல் அதை ஏற்றுக்கொண்டார். வழக்கு பேரவைக்கும், அங்கிருந்து ஹேக் நீதிமன்றத்துக்கும் போனது. 1925 மே 16 அன்று நீதிமன்றம் போலந்துக்குச் சாதகமாகக் கருத்துச் சொன்னது: துறைமுகம் என்று கருதப்படும் எல்லைக்குள் போலந்து பெட்டிகள் வைக்கலாம், கடிதங்களைச் சேகரிக்கலாம், வீடுகளுக்குக் கொண்டுபோய்ப் பட்டுவாடாவும் செய்யலாம். அப்படியானால் துறைமுகம் எதுவரை என்ற அடுத்த கேள்வி எழுந்தது. வல்லுநர்கள் வந்து நகரின் வரைபடத்தில் ஓர் எல்லைக்கோடு வரைய வேண்டியதாயிற்று.

சுவரில் தொங்கிய சில பெட்டிகளுக்காக உயர் ஆணையர், பன்னாட்டுப் பேரவை, உலக நீதிமன்றம் மூன்றும் மாதக்கணக்கில் உழைத்தன. அது சிரிப்பதற்குரியது அல்ல என்றே நினைக்கிறேன். பெட்டிக்காக யாரும் உயிரிழக்கவில்லை. தோற்ற தரப்பு தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது. ரயில்வே ஊழியர்களின் சம்பள வழக்கு, போலந்துப் போர்க்கப்பல்கள் துறைமுகத்தில் தங்கும் உரிமை, டான்சிக்கில் வாழும் போலந்துக் குடிமக்கள் நடத்தப்படும் விதம் என 1928-க்கும் 1932-க்கும் இடையே ஹேக் நீதிமன்றம் தொடர்ந்து கருத்துச் சொல்லி வந்தது. இரு தரப்பும் நீதிமன்றத்தை மதித்த வரை, குறைகள் பல இருந்தும் அந்த ஏற்பாடு வேலை செய்தது.

இரு தரப்பும் ஆயுதத்தைக் காட்டி மிரட்டிய தருணங்கள் உண்டா?

உண்டு. 1932 ஜூனில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் டான்சிக்குக்கு மரியாதை நிமித்தம் வந்திருந்தபோது, போலந்தின் ‘விகர்’ என்ற நாசகாரிக் கப்பல் அனுமதி கேட்காமலே துறைமுகத்துக்குள் நுழைந்தது. 1933 மார்ச்சில் துறைமுகக் காவல் குறித்த தகராறின்போது வெஸ்டர்பிளாட்டேயில் கூடுதலாக நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களைப் போலந்து இறக்கியது. ஜெனீவாவின் கண்டனத்துக்குப் பிறகு திரும்ப அழைத்துக்கொண்டது. ஹிட்லர் பதவியேற்றுச் சில வாரங்களே ஆகியிருந்த நேரம் அது.

நாஜிகள் அங்கு தேர்தல் மூலமாகவா ஆட்சிக்கு வந்தார்கள்?

ஆம். 1933 மே 28 தேர்தலில் நாஜிக் கட்சி 50 விழுக்காட்டைச் சற்றே தாண்டி, 72 இடங்களில் 38 பிடித்தது. உலகப் பொருளாதார மந்தம், வேலையின்மை, க்டினியாவின் போட்டி, ஜெர்மனியில் வீசிய அலை எல்லாம் அதற்குத் துணை செய்தன. ஹெர்மன் ரவுஷ்னிங் செனட்டின் தலைவரானார். போலந்தோடு சுமுகமாகப் போக வேண்டும் என்று கருதியவர் அவர். ஆனால் உண்மையான அதிகாரம் பவேரியாவிலிருந்து ஹிட்லர் அனுப்பிவைத்த கட்சித் தலைவர் ஆல்பர்ட் ஃபோர்ஸ்டரிடம் இருந்தது. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1934 நவம்பரில் ரவுஷ்னிங் விலக, ஆர்தர் கிரைசர் அந்த இடத்துக்கு வந்தார்.

இங்கே ஜெர்மனிக்கும் டான்சிக்குக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. ஜெர்மனியில் சில மாதங்களிலேயே எல்லாக் கட்சிகளும் ஒழிக்கப்பட்டன. டான்சிக்கில் அரசியலமைப்புக்குப் பன்னாட்டு உத்தரவாதம் இருந்ததால் சமூக ஜனநாயகக் கட்சி, கத்தோலிக்க மையக் கட்சி, தேசியவாதிகள், போலந்துக் கட்சி எல்லாம் பெயரளவிலாவது சட்டப்படி நீடித்தன. அரசியலமைப்பை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை, அதாவது 48 இடங்கள் தேவை.

அதற்காகத்தான் 1935 ஏப்ரல் 7 அன்று முன்கூட்டியே தேர்தல் நடத்தினார்கள். ஜெர்மனியிலிருந்து பிரசார அமைச்சர் கோயபல்ஸ் உட்படப் பெரிய தலைவர்கள் வந்து பேசினார்கள். எதிர்க்கட்சிகளின் பத்திரிகைகள் முடக்கப்பட்டன, கூட்டங்களில் அடிதடி நடந்தது. பதவி விலகிய ரவுஷ்னிங்கே நாஜிகளுக்கு வாக்களிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முடிவு: 43 இடங்கள். இத்தனை மிரட்டலுக்கு நடுவிலும் பத்துப் பேரில் நான்கு பேர் எதிராக வாக்களித்தார்கள். எதிர்க்கட்சிகள் வழக்குத் தொடுத்தன. முறைகேடுகள் நடந்ததை நகரின் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது, ஆனால் தேர்தலை ரத்து செய்யவில்லை. ‘டான்சிக் மக்கள் எல்லோரும் நாஜிகள்’ என்று இன்றும் சிலர் போகிறபோக்கில் எழுதுகிறார்கள். அவர்கள் இந்த எண்ணிக்கையை ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

உயர் ஆணையர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாரா?

எல்லோரும் அப்படி இல்லை. அயர்லாந்தைச் சேர்ந்த ஷான் லெஸ்டர் 1934 தொடக்கத்தில் உயர் ஆணையராகப் பொறுப்பேற்றார். அடிபட்டவர்களும், வேலை இழந்தவர்களும், பத்திரிகை முடக்கப்பட்டவர்களும் அவரிடம் மனுக் கொடுத்தார்கள். அவர் அவற்றை ஜெனீவாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். 1935 ஆகஸ்டில் செனட் இரண்டு ஆணைகள் பிறப்பித்தது. சட்டத்தில் குற்றம் என்று எழுதப்படாத செயலுக்கும், ‘மக்களின் நல்லுணர்வு’ கோரினால் நீதிபதி தண்டனை தரலாம் என்பது அவற்றின் சாரம். இவை நகரின் அரசியலமைப்புக்கு முரணானவை என்று 1935 டிசம்பர் 4 அன்று ஹேக் நீதிமன்றம் கூறியது. பேரவை வற்புறுத்தியபின் செனட் பின்வாங்கியது. அழுத்தம் கொடுத்தால் நாஜி ஆட்சியும் இறங்கி வரும் என்பதற்கு இது சான்று.

அந்த அழுத்தம் நீடிக்கவில்லை. 1936 மார்ச்சில், ஜெர்மன் படை இருக்கக் கூடாது என்று உடன்படிக்கை தடுத்திருந்த ரைன்லாந்துக்குள் ஹிட்லர் படையை அனுப்பியும் யாரும் தடுக்கவில்லை. இத்தாலி எத்தியோப்பியாவை விழுங்கியதைச் சங்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் ‘லைப்சிக்’ என்ற ஜெர்மன் போர்க்கப்பல் டான்சிக் வந்தது. வருகை தரும் கப்பலின் தளபதி உயர் ஆணையரைச் சென்று காண்பது மரபு. மேலிட உத்தரவின்படி அவர் செல்லவில்லை. இது பற்றி விவாதிக்க ஜூலை 4 அன்று ஜெனீவாவில் பேரவை கூடியது. லெஸ்டரை அகற்ற வேண்டும் என்று ஆவேசமாகப் பேசி முடித்த கிரைசர், வெளியேறும்போது பத்திரிகையாளர் பக்கம் திரும்பி நாக்கைத் துருத்திப் பழிப்புக் காட்டினார். அந்தச் செயல் உலகம் முழுவதும் செய்தியாயிற்று. பேரவை செய்ததோ, விஷயத்தை ஜெர்மனியிடம் எடுத்துச் சொல்லும்படி போலந்தைக் கேட்டுக்கொண்டது மட்டுமே.

லெஸ்டர் ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டு, சங்கத்தின் துணைப் பொதுச்செயலாளரானார். பதவி உயர்வு என்ற பெயரில் ஒரு நேர்மையான மனிதரை அந்த ஊரிலிருந்து அப்புறப்படுத்தினார்கள் என்றே இதை நான் கருதுகிறேன். அதே ஆண்டு அக்டோபரில் டான்சிக்கில் சமூக ஜனநாயகக் கட்சி தடை செய்யப்பட்டது. அடுத்த அக்டோபரில் மையக் கட்சியும் முடிந்தது. 1937-ல் புதிய உயர் ஆணையராக வந்த சுவிஸ் வரலாற்றாசிரியர் கார்ல் பர்க்ஹார்ட், உள்விவகாரங்களில் தலையிடாமல் அமைதி காக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு அனுப்பப்பட்டவர்.

போலந்து ஏன் எதிர்க்கட்சிகளுக்குத் துணை நிற்கவில்லை?

1934 ஜனவரி 26 அன்று ஜெர்மனியும் போலந்தும் பத்தாண்டுகளுக்குப் போரிடுவதில்லை என்று உடன்பாடு செய்துகொண்டன. அதன்பின் தன் துறைமுக உரிமைகளும் போலந்துக்காரர்களின் பாதுகாப்பும் காக்கப்பட்டால் போதும், நகருக்குள் ஜெர்மானியர்கள் தங்களுக்குள் என்ன செய்துகொண்டாலும் அது அவர்கள் பாடு என்று வார்சா நினைத்தது. வெளியுறவு அமைச்சர் பெக்குக்குப் பன்னாட்டுச் சங்கத்தின் மீது மதிப்பும் இல்லை. பெர்லினோடு நேரடியாகப் பேசித் தீர்ப்பதே அவருக்குப் பிடித்த வழி. அன்றைய கணக்கில் அது புத்திசாலித்தனமாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் தன்னைக் காக்கக்கூடிய ஒரே பன்னாட்டு ஏற்பாடு தேய்வதைப் போலந்தே அனுமதித்தது.

நகரின் யூதர்கள் என்ன ஆனார்கள்?

1920-களின் இறுதியில் சுமார் 10,000 யூதர்கள் அங்கு இருந்தார்கள். அரசியலமைப்பு சமத்துவம் தந்ததால், ஜெர்மனியில் உள்ளவர்களைவிடச் சற்று நீண்ட காலம் சட்டத்தின் துணை அவர்களுக்குக் கிடைத்தது. 1937 அக்டோபரில் அவர்களுடைய கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. 1938 நவம்பரில், யூதர்களின் உரிமைகளைப் பறித்த ஜெர்மனியின் நியூரம்பர்க் இனச் சட்டங்கள் டான்சிக்கிலும் நடைமுறைக்கு வந்தன. மிச்சமிருந்த சமூகம் ஒரு வேதனையான முடிவெடுத்தது: பெரிய ஜெபக்கூடத்தையும் சமூகச் சொத்துகளையும் விற்று, அந்தப் பணத்தில் மக்களை வெளிநாடுகளுக்கு அனுப்புவது. ஜெபக்கூடத்தின் தோரா என்ற வேதச் சுருள்களையும் வெள்ளிப் பொருள்களையும் நியூயார்க்குக்கு அனுப்பிவைத்தார்கள். 1939 மே மாதம் அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டது. நகரைவிட்டு வெளியேற முடிந்தவர்களே பெரும்பான்மை. அந்தச் சமூகம் காலத்தே எடுத்த முடிவுதான் அதற்குக் காரணம். எந்தப் பன்னாட்டு உத்தரவாதமும் அவர்களை அப்படிக் காக்கவில்லை.

சங்கம் படை அனுப்பியிருக்க முடியாதா?

வேறோர் இடத்தில் அனுப்பியது. ஜெர்மனியின் மேற்கு எல்லையில் உள்ள சார் பகுதியைச் சங்கமே 15 ஆண்டுகள் நேரடியாக ஆண்டது. 1935 ஜனவரியில் அங்கு பொது வாக்கெடுப்பு நடந்தபோது அமைதி காக்க பிரிட்டன், இத்தாலி, சுவீடன், நெதர்லாந்து வீரர்கள் சுமார் 3,300 பேர் வந்திறங்கினார்கள். வாக்கெடுப்பு ஒழுங்காக நடந்தது. ஆனால் சாரில் ஆட்சி சங்கத்தின் கையில் இருந்தது, ஜெர்மனியும் அந்தப் படையை ஏற்றுக்கொண்டிருந்தது. டான்சிக்கிலோ ஆட்சி நாஜிகளிடம். அவர்கள் மறுத்தால் மீறிப் படை அனுப்பும் மனம் லண்டனுக்கும் பாரிசுக்கும் இல்லை.

இரண்டாம் உலகப் போர் டான்சிக்குக்காகவா தொடங்கியது?

டான்சிக் ஒரு சாக்கு. 1938 அக்டோபர் 24 அன்று ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப் போலந்துத் தூதரிடம், டான்சிக் ஜெர்மனியோடு சேர வேண்டும், போலந்து நிலத்தின் குறுக்கே ஜெர்மனிக்குச் சொந்தமான சாலையும் ரயில் பாதையும் வேண்டும் என்று கேட்டார். போலந்து மறுத்தது. 1939 மார்ச் இறுதியில் பிரிட்டன் போலந்துக்குப் பாதுகாப்பு உறுதி அளித்தது. டான்சிக்குக்காகச் சாக வேண்டுமா என்று மே மாதம் ஒரு பிரெஞ்சு அரசியல்வாதி பத்திரிகையில் கேட்டது பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் அதே மாதம் 23-ஆம் தேதி தன் தளபதிகளிடம் பேசிய ஹிட்லர், பிரச்சினை டான்சிக் அல்ல, கிழக்கே ஜெர்மனியின் வாழ்நிலத்தை விரிவாக்குவதே என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். எனவே நகரை விட்டுக்கொடுத்திருந்தால் போர் வந்திருக்காது என்ற வாதம் நிற்காது.

அந்தக் கோடையில் நகருக்குள் ஆயுதங்களும் ஆட்களும் ரகசியமாகக் கொண்டுவரப்பட்டனர். போலந்தின் சுங்க ஆய்வாளர்களுக்குத் தொல்லை கொடுக்கப்பட்டது. ஆகஸ்ட் 23 அன்று ஃபோர்ஸ்டரை நகரின் தலைவராக செனட் அறிவித்தது; அரசியலமைப்பில் அப்படி ஒரு பதவியே கிடையாது.

1939 செப்டம்பர் 1 அன்று என்ன நடந்தது?

நல்லெண்ண வருகை என்று சொல்லி ஆகஸ்ட் 25 அன்று துறைமுகத்துக்கு வந்து நின்ற ‘ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன்’ என்ற பழைய ஜெர்மன் போர்க்கப்பல், செப்டம்பர் 1 விடியற்காலையில் வெஸ்டர்பிளாட்டே மீது சுடத் தொடங்கியது. அங்கிருந்த சுமார் 200 போலந்து வீரர்கள் ஏழு நாள் தாக்குப்பிடித்தார்கள். நகரின் உள்ளே, 1925-ன் பெட்டித் தகராறு தொடங்கிய அதே ஹெவேலியஸ் சதுக்கத்தில், போலந்து அஞ்சல் ஊழியர்கள் தங்கள் அலுவலகத்தை ஏறத்தாழ 14 மணி நேரம் காத்தார்கள். பீரங்கியாலும் வெடியாலும் வீழ்த்த முடியாமல் போகவே, கட்டடத்துக்குள் பெட்ரோலைப் பாய்ச்சித் தீ வைத்தார்கள். பிழைத்துச் சரணடைந்தவர்களில் 38 பேருக்கு ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அக்டோபர் 5 அன்று அவர்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

பர்க்ஹார்ட்டை ஃபோர்ஸ்டர் அன்று காலையே நகரைவிட்டு வெளியேறச் சொன்னார். டான்சிக் ஜெர்மனியோடு இணைந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. மறுநாள், சுதந்திர நகரமாக இருந்த நிலப்பகுதியிலேயே ஸ்டுட்ஹோஃப் வதைமுகாம் திறக்கப்பட்டது. அதன் முதல் கைதிகள் உள்ளூர்ப் போலந்துக்காரர்கள். சில நாட்களில் நிரப்பும் அளவுக்குப் பெயர்ப் பட்டியல்கள் முன்பே தயாராக இருந்தன.

போருக்குப் பிறகு சுதந்திர நகரம் மீண்டும் உருவாக்கப்படவில்லையா?

இல்லை. 1945 மார்ச் இறுதியில் சோவியத் படைகள் நுழைந்தபோது பழைய நகரம் பெரும்பாலும் தரைமட்டமானது. வென்ற நாடுகள் கூடிய போட்ஸ்டாம் மாநாட்டில் அந்தப் பகுதி போலந்தின் நிர்வாகத்தில் விடப்பட்டது. ஏற்கெனவே தப்பியோடியிராத ஜெர்மன் மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் 1935-ல் நாஜிகளுக்கு எதிராக வாக்களித்த குடும்பங்களும் அடக்கம். கிரைசரை 1946-ல் போஸ்னானிலும், ஃபோர்ஸ்டரை 1952-ல் வார்சாவிலும் தூக்கிலிட்டார்கள். லெஸ்டர் போர்க்காலம் முழுவதும் ஜெனீவாவில் இருந்து, சங்கத்தின் கடைசிப் பொதுச்செயலாளராக 1946-ல் அதன் பொறுப்புகளை ஐக்கிய நாடுகள் அமைப்பிடம் ஒப்படைத்தார். அஞ்சல் ஊழியர்கள் மீதான மரண தண்டனைத் தீர்ப்பை 1990-களில் ஜெர்மன் நீதிமன்றம் ஒன்று செல்லாது என்று அறிவித்தது.